நீ மாட்டிவிட்டுப் போன பின் பிரேக்

பாப்பாவுக்குப் பருப்புச் சோறு பிசைந்து விரலை வாயருகே கொண்டுபோனேன். முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டாள். எலுமிச்சம்பழத் தோலை வைத்துத் தேய்த்தும் போகாத பிரேக் ஆயில் வாடை. அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கோ அந்த வாடையோடு நீயும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். கரண்டியால் ஊட்டி அவளைத் தூங்கவைத்துவிட்டு எழுதுகிறேன். சேதி இதுதான்: உன் ஜீப் இன்று மணிமுத்தாறு மலை இறக்கத்தில், நான் மிதித்த இடத்தில் நின்றது.

நம் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் நாம் இரண்டே பேர். பட்டறை வகுப்பில் நீ போல்ட்டை முடுக்குவாய். நான் ஒவ்வொன்றையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பார்ப்பேன். "என்னட்டி, சிலிண்டரை மூடியாச்சான்னு பாக்க மாதிரி போல்ட்டைப் பாக்க?" என்று கேலி செய்வாய். ஆனால் வேறு யாராவது என்னைப் பயந்தாங்குளி என்றால் அவர்களிடம் சண்டைக்குப் போவாய். "அவ பாக்கப் போயித்தான் நான் வேகமா வேலை செய்யுதேன்" என்பாய்.

உன் அப்பா விட்டுப்போன அந்த ஜீப்பின் பின் அச்சு ஊளையிட ஆரம்பித்தபோது, பழைய இரும்புக் கடையில் அதைவிடத் தடித்த ஓர் அச்சைப் பிடித்துக்கொண்டு வந்தாய். அதில் இருந்தது டிரம் பிரேக். "எப்படியும் எல்லாத்தையும் கழட்டுதோம். டிரம்மை எதுக்குத் திரும்ப மாட்டணும்? ஆத்துத் தண்ணி ரோட்டுல ஏறிச்சுன்னா அது பிடிக்கவே பிடிக்காது. டிஸ்க்கே போட்டுருவோம்" என்றாய். ஏதோ ஒரு வண்டியின் முன் சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர்களை வாங்கினாய். அவற்றைப் பின் அச்சில் உட்காரவைக்கத் தடித்த இரும்புப் பட்டையை லேத் பட்டறையில் வெட்டி வாங்கினாய். பின் சக்கரம் முந்திக்கொண்டு இறுகி நின்றால் வண்டி வாலை வீசிவிடும் என்று, பின்னால் போகிற அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வும் வைத்தாய். கை பிரேக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனியாக இருந்ததால் அந்தத் தலைவலி இல்லை. மிச்சம் இருந்தது, குழாய்களில் ஆயில் நிரப்பிக் காற்றை வெளியேற்றுவது மட்டும்தான்.

அதற்குள் மழை வந்தது, காய்ச்சல் வந்தது. நீ போய்விட்டாய். வயிற்றில் பிள்ளை இருக்கிறவள் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது என்று என்னை அனுப்பவில்லை. பாளையங்கோட்டையில் உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? ஆட்டோவில் ஏறினால் வந்துவிடலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே அந்தப் பகல் முழுவதும் நின்றேன்.

பாப்பா பிறந்தபின் அவளையும் தூக்கிக்கொண்டு உன் அம்மாவை, அதான் அத்தையை, பார்க்கப் போனேன். ஜீப்பை எடைக்குப் போடப் போவதாக அத்தை சொன்னார்கள். நான் முடித்துத் தருகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற நான்!

அதற்கு அத்தை ஒரு நிபந்தனை வைத்தார்கள். "நல்லாப் பிடிச்சுதுன்னா நீயே ஓட்டு. பிடிக்கலன்னா இரும்புக் கடைதான். எம் பிள்ளை செஞ்ச வண்டி பிரேக் பிடிக்காம யாரையும் இடிச்சுச்சுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது, பாத்துக்க."

அன்றிலிருந்து பாப்பா தூங்குகிற நேரமெல்லாம் நான் ஜீப்புக்கு அடியில். பிரேக் மிதி கட்டையை மிதிக்க ஆள்? அத்தைதான். கஞ்சி போட்ட பருத்திச் சேலையோடு, வகுப்பெடுக்கிற தோரணையில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"மிதிங்க அத்தை... பிடிச்சுக்கோங்க... விடாதீங்க!"

"விடலட்டி. அதுவா உள்ள போவுது. மாவுல காலை வச்ச மாதிரி இருக்கு."

எத்தனை முறை ஆயில் மாற்றியும் மிதி கட்டை மெத்தென்றே இருந்தது; உள்ளே இன்னும் காற்று இருக்கிறது என்று அர்த்தம். பேட்டை மெக்கானிக் அண்ணாச்சி வந்து சுற்றிப் பார்த்தார். காலிப்பர்களில் நீ வெள்ளைப் பெயின்டால் இடது, வலது என்று எழுதியிருந்தாய். "எல்லாம் அந்தப் பிள்ளை எழுதுனபடி சரியாத்தான் இருக்கு. பைய டிரம்மையே மாட்டிருவோம்மா. ஊர்ல அதை வச்சு ஓட்டாமலா இருக்கான்?" என்றார். அத்தை உள்ளே போனார்கள். இரும்புக் கடைக்குப் பேச அவர்கள் தொலைபேசியைத் தேடுவது எனக்குக் கேட்டது.

அப்போது பாப்பா அழுதாள். பால் கொடுத்துத் தோளில் நிமிர்த்திப் போட்டு முதுகைத் தட்டினேன். ஏவ் என்று ஏப்பம் விட்டாள். படுக்கப்போட்டால் வராது, நிமிர்த்தினால்தான் வரும். காற்று மேலேதானே போகும்!

முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. பிள்ளையை அத்தை கையில் திணித்துவிட்டு மறுபடி அடியில் புகுந்தேன். காற்றை எடுக்கிற திருகு, இரண்டு காலிப்பரிலும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்றோ மேல் மூலையில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. நாங்கள் கீழே திறந்து ஆயிலை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தோம்!

நீ இடதை இடப்பக்கமும் வலதை வலப்பக்கமும்தான் மாட்டியிருந்தாய். ஆனால் பழைய வண்டியில் அவை அச்சுக்கு முன்னால் இருந்தவை. உன் பட்டை அவற்றை அச்சுக்குப் பின்னால் கொண்டுவந்தது. அப்போதே தலைகீழாகிவிட்டன. இடதை வலப்பக்கம் மாட்டியிருக்க வேண்டும், வலதை இடப்பக்கம். அவ்வளவுதான்ட்டி! வகுப்பில் முதல் மார்க்! ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்து உன்னைத் திட்டிக்கொண்டே சிரித்தேன். அழவும் செய்தேன்.

மாற்றி மாட்டினோம். அண்ணாச்சி திருகைத் திறக்க, குமிழ் குமிழாகக் கக்கியது. "ஏயப்பா, சோடாக் கடைல வருத மாதிரில்லா வருது!" என்றார். அத்தை மிதித்தார்கள். மிதித்துவிட்டு இறங்கவே இல்லை. "கல்லு மாதிரி நிக்குட்டி" என்றார்கள், மெதுவாக.

மைதானத்தில் நாலைந்து முறை நிறுத்திப் பார்த்தோம். அத்தைக்குப் போதவில்லை. "இறக்கத்துல காட்டு" என்றார்கள். பாப்பாவை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு இன்று காலையில் மணிமுத்தாறு அருவிப் பாதையில் ஏறினோம். இறங்கும்போது அத்தை என் பக்கத்தில். அண்ணாச்சி பின்னாலிருந்து எட்டி, கை பிரேக்கின் மேல் கை வைத்திருந்தார். மூன்றாவது வளைவு திரும்பினால், நடுரோட்டில் ஒரு மிளா மான். கொம்பும் தானுமாக நின்று எங்களைப் பார்க்கிறது. மிதித்தேன்.

வால் வீசவில்லை, கிறீச்சிடவில்லை. யாரோ அடியிலிருந்து இழுத்துப் பிடித்த மாதிரி நின்றது ஜீப். மிளா எங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் பைய நடந்து காட்டுக்குள் போயிற்று.

"ஸ்தோத்திரம்" என்றார்கள் அத்தை. பின்னாலிருந்து, "நான் கையவே அசைக்கலம்மா, பாத்துக்கோங்க!" என்றார் அண்ணாச்சி. நான் கத்திய கத்தில் குரங்குகள் மரம் மாறின. அத்தை கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்கள்: "நாளைக்குப் பிள்ளையையும் கூட்டிட்டு வா. நாம கல்லிடைக்குறிச்சி வரைக்கும் போயிட்டு வருவோம்."

எனக்குப் பயம் போய்விடவில்லை. நாளை கிளம்புமுன் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். அதை இனி யாரிடமும் மறைக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நீ எல்லாவற்றையும் சரியாக முடித்துவிட்டுப் போயிருந்தால், நான் வெறுமனே சாவியை வாங்கி ஓட்டியிருப்பேன். நல்லவேளை, தப்பாக மாட்டிவிட்டுப் போனாய். உன்னோடு சேர்ந்து செய்ய எனக்கும் ஒரு வேலை மிச்சமிருந்தது.