என் மகள் செய்தது, சம்பந்தியின் இடுப்பில்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

அன்பு மகள் தர்சிகாவுக்கு,

நானும் அப்பாவும் கோணேசர் புண்ணியத்தில் இருக்கிறோம், நீயும் மருமகனும் என் பேரன் மதுசனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் உன் மாமியும் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்ப்பா, நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். ஆனபடியால் எழுதி, பசை பூசி ஒட்டி, ஜேர்மனிக்குத் திரும்புகிற அவவின் கையிலேயே கொடுத்து விடுகிறேன். ஒட்டினது ஒட்டினபடி இருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

உன் மாமி நிலாவெளியில் தன் தங்கச்சி வீட்டில் இறங்கி அடுத்த நாளே இங்கே வந்தா. போனமுறை தடி ஊன்றி வந்த மனுசி, இந்தமுறை ஓட்டோவிலிருந்து குமரிப்பிள்ளை மாதிரி இறங்கினா. நான் கதிரையைப் பிடித்து எழும்பு முன்னம் குசினிக்குள் போய்த் தேத்தண்ணியும் வைத்துவிட்டா. அவவின் இடுப்புக்குள் இருப்பது, தேய்ந்த மூட்டுக்குப் பதிலாய் வைக்க நீ கண்டுபிடித்த உருண்டை. உள்ளே உலோகம், வெளியே பீங்கான். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் விளங்கட்டும் என்று எங்கள் எனாமல் கோப்பையை வைத்துச் சொன்னாயே, சூடாறும்போது இரண்டும் ஒரேயளவாய்ச் சுருங்காது, அதனால் மேலே உள்ளது வெடித்துக் கழன்றுவிடும், அதற்காகத்தான் நடுவிலே இரண்டையும் கலந்து படிப்படியாக அடுக்கினோம் என்று. அதை நான் இந்த ஒழுங்கையில் உள்ள வீடெல்லாம் சொல்லிவிட்டேன். தயிர் கொண்டுவருகிற நஜ்முன் நிஸா கேட்டாள், ஒங்கட மகள்ற சாமான் சம்மந்தியிட இடுப்புல, ஒங்கட இடுப்புல தைலந்தானா அக்கா என்று. அவவின்ர இடுப்பில மகள்ர சாமான்தான், என்ர வயித்தில மகளே இருந்தவள் என்று சொன்னேன். அது எல்லா உம்மாமாருக்கும் உள்ளதுதானே என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வலப்பக்க இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இங்கே உள்ளதைப் போடலாம் என்று டொக்டர் சொல்லி ஒரு வருசம். நீயும் செய்யுங்கோ செய்யுங்கோ என்று போனில் கத்துகிறாய். என் பிள்ளை செய்தது இருக்க ஆரோ செய்ததை நான் ஏன் போட வேண்டும் என்று வீம்பாய் இருந்தேன். உன்னுடையது அங்கே சோதனைக்கு எடுத்த ஆட்களுக்கு மட்டும்தான், இங்கே வர இன்னும் காலம் செல்லும் என்றாய். அங்கேயே குடியிருக்கிறபடியால் உன் மாமிக்குக் கிடைத்தது. பேரனும் அவவுக்கு, உருண்டையும் அவவுக்கு.

வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோயிலுக்கு ஏறுகிற கோட்டைக்குள் மான்களுக்கு நடுவாலே அவ விறுவிறென்று ஏறிப் போறா, நான் பாதி வழியில் ஒரு கச்சான் கடலைக் கடையின் வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். காண்கிற சனத்துக்கெல்லாம் என்ர மருமகள் கண்டுபிடிச்சது, என்ர மருமகள் கண்டுபிடிச்சது என்று இடுப்பைத் தட்டித் தட்டிக் காட்டினா. பெற்றவள் ஒருத்தி கச்சான் கோதுடைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று ஒரு சொல் சொன்னாவா? திரும்பி வந்து பக்கத்தில் இருந்தபோது எனக்கு வாய் நிற்கவில்லை. என்ர பிள்ளை செய்தது முதல் உங்களுக்குத்தானே கிடைச்சுது என்றேன். அதற்கு அவ, கிடைக்கேல்லை சம்பந்தி, கேட்டு வாங்கினனான், ஆக்களுக்குப் போடத் தொடங்கேக்க உங்கட மகளுக்குப் பயத்தில சோறு இறங்கேல்லை, வெடிச்சால் என்ர இடுப்புக்குள்ள வெடிக்கட்டும் பிள்ளை, உன்ர அம்மாட்டைப் போகேக்க அது பழுதில்லாத சாமானாய்ப் போகட்டும் எண்டு நான்தான் சொன்னனான் என்றா.

அதைக் கேட்டு என் மனம் ஆறியிருக்கும் என்று நினைக்காதே. முன்னையிலும் பார்க்கக் கூட எரிந்தது. நீ சோறில்லாமல் கிடந்தது எனக்குத் தெரியாது, அவவுக்குத் தெரியும். அந்தச் சொல்லை நானல்லவா உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனுசிதான், அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருக்கிறது. கையில் இருந்த கச்சானில் பாதியை அவவுக்குக் கொடுத்தேன்.

இனி வீம்பு இல்லை. அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் நாள் கேட்டு வந்துவிட்டார், தைப்பொங்கல் கழிய வரச் சொன்னார்களாம், இங்கே உள்ளதையே போடட்டும், எனக்கு எழும்பி நடக்க வேண்டும். ஏனென்றால் நீ இப்போது முழங்காலுக்கு ஒன்று செய்யத் தொடங்கியிருக்கிறாயாம், அதுவும் உன் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் முழங்கால் இரண்டும் இப்போதே கறகறக்கின்றன. அதை ஆளுக்குப் போடுகிற காலத்துக்கு நான் இடுப்புச் சரியாகி அங்கே வந்து உங்களோடு இருப்பேன். வெடித்தால் என் முழங்காலில் வெடிக்கட்டும்.

மிளகாய்த்தூள் இடித்து அனுப்பியிருக்கிறேன், மதுசனுக்குக் காரம் குறைத்துப் போடு. அந்தப் பீங்கான் சுடுகிற சூளைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டு போகாதே, நேரத்துக்குச் சாப்பிடு, பயம் வந்தால் முதலில் எனக்குப் போன் எடு. கோணேசர் உன் கைக்குத் துணை நிற்பார். முழங்காலுக்கு நான்தான் முதல் ஆள் என்று உன் மாமிக்கும் சொல்லிவிட்டேன். ஓம் ஓம் என்று சிரித்தா. அந்தச் சிரிப்பை நம்ப ஏலாது, நீ என் பெயரை இப்போதே பதிந்து வை.

உன்னை நம்பும்
அம்மா தவமணி