மணிலா சம்பளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கையை என் நெற்றியில் ஒற்றி ஆசி வாங்கிக்கொண்டு மரிவிக் எழுதுகிறேன். கண் எப்படி இருக்கிறது? நான் நலம்.

ஆஸ்பத்திரியில் நேற்று ஒரு கூத்து. இலவச சிகிச்சை கேட்டு வருகிறவர்களை விசாரித்து, ஏழைதானா என்று எழுதிக் கொடுப்பதுதானே என் வேலை? துணி துவைத்துப் பிழைக்கும் ஒருத்தியிடம் வீடு, சாப்பாடு எல்லாம் கேட்டேன். "நீ எங்கம்மா தங்கியிருக்க?" என்று திருப்பிக் கேட்டாள். ஆறு பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டில் வாடகைக்கு, ராத்திரிக்கு நூடுல்ஸ் என்றேன்.

"அடி மகளே, எழுந்து இந்தப் பக்கம் வா. நான் உனக்கு எழுதித் தரேன்!"

வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நம் ஊர் இலோய்லோவில் வாங்கியதைவிட இங்கே மணிலாவில் சம்பளம் இரண்டு மடங்கு, உண்மைதான். ஆனால் வாடகையும் பஸ்ஸும் அதை விழுங்கிவிடுகின்றன. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்படாதீர்கள். கருவாடு கொஞ்சம் அனுப்புங்கள்.

கண் ஆபரேஷனுக்கு இங்கே வருவதாக எழுதியிருந்தீர்கள். வாருங்கள், என் கட்டிலிலேயே ஒண்டிக்கொள்ளலாம். ஆனால், "மகளுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்பார்கள். மணிலா சம்பளத்தைச் சொன்னால் இலவசம் கிடைக்காது. மகளின் கட்டில் வாடகையை யாரும் கேட்பதில்லை.

அந்தச் சம்பளக் கேள்வியைக் கேட்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் நான்தான், அம்மா.

வரிசை நீண்டுவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

மரிவிக்