கழுவின மறுநாள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் என்ஜின் கழுவல். பழைய கார் விற்கும் மாமனாரிடம் வீட்டோடு மாப்பிள்ளைக்கு வேறென்ன உத்தியோகம்? முதலில் பேட்டரிக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பிளாஸ்டிக் கவர் சுற்றவேண்டும். தண்ணீர் புகுந்தால் வண்டி படுத்துவிடும். அப்புறம்தான் சோப்பும் துணியும்.

கழுவுவது நல்லதுதான். அழுக்கு போனால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். ஆனால் மாமா கழுவச் சொல்வது, அது தெரியாமலிருக்க! ஆள் வருவதற்குச் சற்று முன் கழுவினால் எந்தக் கிழட்டு என்ஜினும் புது மாப்பிள்ளைதான்.

மார்ச் 6, வியாழன்

சாம்பல் நிற காரில் ஆயில் கசிந்து, கொதிக்கிற புகைக்குழாய்மேல் சொட்டுகிறது. என்றைக்காவது பற்றிக்கொள்ளும். சனிக்கிழமை அதைப் பார்க்க ஒரு அம்மா வருகிறார், பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போக வண்டி வேண்டுமாம். சரிசெய்துவிட்டு விற்கலாம் என்றேன்.

"மாப்ள, மூளைய வீட்ல வச்சுட்டு வாங்க. சனிக்கிழமை காலைல தண்ணி மட்டும் அடிங்க."

வாயை மூடிக்கொண்டேன். எங்க போறது? மாடி அவருது, திங்கற சோறு அவருது. எனக்குன்னு வாய் மட்டும் எதுக்கு?

மார்ச் 7, வெள்ளி

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இன்னைக்கே கழுவிடுங்க. அப்புறம் என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க."

எதற்கு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மண்டு!

மேட்டுச் சாலையில் போய்வந்தோம். ஆயில் கருகும் வாடை உள்ளே வந்தது. கண்ணாடியை இறக்கட்டுமா என்றேன்.

"வேணாம். சின்ன வயசுலேருந்து பழகின நாத்தம்தானே."

நான் மட்டும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 8, சனி

பானெட்டைத் திறந்ததும் பளபளவென்ற இரும்பில் ஒரே ஒரு கருப்புக் கோடு, நேராகப் புகைக்குழாய்வரை. குருடனுக்கும் தெரியும்.

"கழுவின தண்ணிங்க அது," என்றார் மாமா.

அந்த அம்மா விரலால் தொட்டு மோந்து பார்த்தார். கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

"எப்பக் கழுவினீங்க?"

"நேத்து, மாமா."

"யாரக் கேட்டு?"

நான் வாய் திறக்குமுன் மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. "நான்தாம்ப்பா சொன்னேன்."

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாடு மட்டும் மேலே வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

ஒற்றை அறை ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வேலை இன்னும் கிடைக்கவில்லை. பயமாகத்தான் இருக்கிறது.

பெட்டிகளோடு இறங்கினோம். கீழே மாமா அதே காரின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் தண்ணீர்க் குழாயோடு நின்றார். வேறு யாரோ பார்க்க வருகிறார்களாம். நிமிரவில்லை. அவள் "வரேம்ப்பா" என்றாள்.

வாசல் தாண்டித்தான் கவனித்தேன், ஆல்டர்னேட்டரை மூடாமலே தண்ணீரைத் திறக்கிறார். பழக்கதோஷம், பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப்போய் கவரைச் சுற்றினேன்.

மாமா குழாயை வேறு பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் கட்டி முடிக்கும்வரை.

"எங்க ஒழுகுதுன்னு சொல்லிட்டுப் போங்க, மாப்ள," என்றார்.