பிரேக்கில் கால் வைக்க ஆளில்லாத வண்டி

என் பாசத்துக்குரிய அத்தானுக்கு,

உங்கள் காரின் ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்துவிட்டோம். நீங்கள் இருந்தால் செய்ய விட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் சொல்கிறேன்.

வீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய கடிதத்தை ஊர் படிக்கக் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. வெடிக் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டிச் சரக்கு கொண்டுபோகிற நம் ஆட்களில், உங்களைப் போலவே ஹேண்ட்பிரேக்கைத் தளரவிட்டு ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

அச்சங்குளம் பக்கத்துக் கம்பெனியில் வெடிமருந்துக் கலவை அறை வெடித்தபோது, நீங்கள் நம் அட்டைப்பெட்டிச் சாம்பிளைக் காட்ட உள்ளே போயிருந்தீர்கள். உங்களைத் துணியில் பொதிந்துதான் எங்களிடம் கொடுத்தார்கள். அவிழ்த்துப் பார்க்க விடவில்லை. அக்கா இன்றைக்கும் கேட்கிறாள், "மொகத்தையாவது காட்டச் சொல்லியிருக்கக் கூடாதாலே?" என்று.

உங்கள் கார் மட்டும் கம்பெனி வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில், மேலெல்லாம் சாம்பல் படிந்து, ஒரு கண்ணாடிகூட உடையாமல் நின்றது. காரியம் முடிந்ததும் எடுக்கப் போனேன். பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கருவேலங்கட்டையை அவசரத்தில் மறந்துபோய்க் காலால் தட்டிவிட்டேன். உள்ளே ஆளில்லாத வண்டி தானாக உருண்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிரேக்கை மிதித்தேன். பார்த்தால், ஹேண்ட்பிரேக் லீவர் மேல்வரை இழுத்துத்தான் இருக்கிறது. இழுத்தும் பிடிக்கவில்லை.

கம்பெனி வாசலில் வண்டியைக் கியரில் நிறுத்தக் கூடாது என்பது உங்கள் வழக்கம். தீப்பிடித்தால் சாவியைத் தேடாமல், இன்ஜினைத் தொடாமல், நாலு பேர் சேர்ந்து கையாலேயே தள்ளிவிட வேண்டும் என்பீர்கள். கல்லை வைத்தால் உரசிப் பொறி பறக்கும் என்று மரக்கட்டை. அதெல்லாம் சரி. ஆனால் வீட்டு வாசலிலும் நியூட்ரல், கோயில் வாசலிலும் நியூட்ரல் என்றால் எப்படி அத்தான்?

ஹேண்ட்பிரேக் கதை எனக்குத் தெரியும். ஒருதரம் சாத்தூர் ரோட்டில் அது இழுத்துப் பிடித்துக்கொண்டு விடாமல், பின்சக்கர டிரம் கொதித்துக் கருகின வாடை வந்தது. மருந்து இருக்கிற இடத்துக்குக் கொதிக்கிற சக்கரத்தோடு போவதா என்று, அன்றைக்கே ஸ்பேனரை எடுத்து நட்டைத் தளர்த்திவிட்டீர்கள். ஏன் பிடித்துக்கொண்டது என்று பார்க்கவில்லை. இனிமேல் பிடிக்கவே பிடிக்காதபடி செய்துவிட்டீர்கள். நெருப்புக்குப் பயந்து செய்த வேலை. நெருப்பு வேறு வாசல் வழியாக வந்தது.

அதற்குப் பிறகு கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கட்டை போடுவார். மற்ற இடத்திலெல்லாம் அக்காதான். நீங்கள் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அவள் இடது பக்கம் இறங்கி, சேலையைச் செருகிக்கொண்டு பின்னால் போய்க் குனிவாள்.

"ஏளா, போட்டியா?"

"போட்டாச்சு, கால எடுங்க."

"ஊருல எல்லாவனுக்கும் கம்பியில பிரேக்கு. எனக்கு மட்டும் பொண்டாட்டி பிரேக்கு."

"அப்ப அந்தப் பிரேக்குக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க."

நானே பின்சீட்டில் இருந்து கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு வண்டியை விற்றுவிடலாம் என்றேன். நான் வியாபாரி. ஓடாத சரக்கை வைத்துக்கொண்டு அழுவது எனக்குப் பழக்கமில்லை. அக்கா ஒரே போடாகப் போட்டாள்.

"வித்துட்டு? ஒன் டெம்போவுல பொட்டியோட பொட்டியா ஏறிப்போய் ஆர்டர் கேக்கவா?"

"டிரைவர் போடுதேன்க்கா."

"டிரைவரு வெலை பேசுவானாலே? அவுக பாத்த கம்பெனி அம்புட்டையும் நான் பாக்கணும். மத்தவன் உள்ள நொழஞ்சிட்டான்னா பெறகு நமக்குக் கதவு தெறக்காது."

வியாபாரம் தெரிந்தவள் பேச்சு. என்னால் மறுக்க முடியவில்லை. ஓட்டப் பழகினாள், லைசென்ஸ் வாங்கினாள். நீங்கள் தளர்த்திய பிரேக்கை நாங்களும் தொடவில்லை; மரக்கட்டையும் வண்டியை விட்டு இறங்கவில்லை.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கன்குடிக் கோயிலுக்குத் தனியாகப் போனாள். ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் வண்டியை மேல்நோக்கித் திருப்பி நிறுத்தி, லீவரை இழுத்தாள். வண்டி அசையாத மாதிரி இருந்தது. கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய்க் குனிந்தாள். வண்டி அவள் மேல் வந்தது. கட்டைக்கும் டயருக்கும் நடுவில் இடது கை மாட்டிக்கொண்டது. பொங்கல் வைத்துக்கொண்டிருந்த ஜனங்கள் ஓடிவந்து வண்டியைத் தாங்கியிருக்கிறார்கள். இல்லையென்றால் இந்தக் கடிதத்தை இரண்டு பேருக்கு எழுத வேண்டியதாகியிருக்கும்.

மோதிர விரலும் சுண்டு விரலும் போய்விட்டன, அத்தான்.

ஆஸ்பத்திரியில் நான் கத்தினேன். "பிரேக்குல ஆளில்லன்னு தெரியும்ல? பெறகு எதுக்குப் பின்னால போன?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவுக கால் வச்சிருக்காகன்னு நெனச்சேம்லே."



அவள் கைக்கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே வண்டியை நம் மைக்கேல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "நட்ட முடுக்கிக் குடு மைக்கேலு, போதும்" என்றேன். நான் அவசரக்காரன், உங்களுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, நட்ட மட்டும் முடுக்குனா மேல இழுக்க டைட்டா இருக்கும், கீழ ஒண்ணும் பிடிக்காது. நீங்க பொட்டிக்கு மேல மட்டும் நல்ல அட்டை போட்டு விக்கீகளே, அந்தக் கதைதான்."

"ஏலே, அது எதுத்த கடைக்காரன்."

"சரி, அந்தக் கடைக்காரன் கதைதான்."

ஜாக்கி போட்டு இரண்டு பின்சக்கரத்தையும் கழற்றினான். டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூ தேய்ந்து பளபளவென்று கிடந்தது. ஒரு பக்கம் ஆயில் கசிந்து ஊறியிருந்தது. கேபிளை உருவிக் காட்டினான். உறைக்குள்ளேயே துருப்பிடித்து, இழுத்தால் திரும்பிப் போகாமல் நின்றது. அன்றைக்கு டிரம் கொதித்ததற்குக் காரணம் இதுதான். நீங்கள் பயந்த நெருப்பு அந்தக் கேபிளுக்குள் இருந்தது. ஒரு நாள் பட்டறையில் விட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

கசிவை அடைத்து, ஷூவும் கேபிளும் புதிதாகப் போட்டான். முதலில் சக்கரத்துக்குள் ஷூவைச் சரியாக வைத்துவிட்டு, கடைசியாகத்தான் நட்டைத் தொட்டான். லீவரை இறக்கினால் கையால் தள்ளினாலே சக்கரம் சுற்ற வேண்டும், டிக் டிக்கென்று நாலைந்து பல் ஏற்றினால் அசையக் கூடாது. அப்படி வந்த பிறகுதான் ஜாக்கியை இறக்கவிட்டேன். "மூணு வெரல்ல இழுக்கணும்டா" என்றேன். கேலி பேசிக்கொண்டிருந்தவன் தலையை ஆட்டினான். கேபிளை இன்னொரு தரம் இழுத்து இழுத்துப் பார்த்தான்.

நேற்று ஆனைக்குட்டம் அணைக்கரை ஏற்றத்துக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டியைப் பாதி ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, கட்டையோடு பின்னால் போய் நின்றேன்.

"ஏலே, அங்கன நிக்காத. கட்டையத் தூக்கி உள்ள போட்டுட்டு இங்கன வா."

அவள் பக்கத்துக் கதவோரம் வந்து நின்றேன். மூன்று விரலால் லீவரை இழுத்தாள். டிக் டிக்கென்று பிடித்தது. ஆனால் பிரேக்கில் இருந்த காலை எடுக்கவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அணைக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஒரு லோடு வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு ஹார்ன் அடித்துப் போனது.

"கால எடுக்கா."

"இரு. அவுக கால் இருந்த எடம்."

பிறகு எடுத்தாள். வண்டி நின்றது. ஏற்றத்தில், நியூட்ரலில், கட்டை இல்லாமல், யாரும் பிடிக்காமல் நின்றது. எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

அக்கா இறங்கினாள். நேராகப் பின்னால் போய்ச் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். குனிந்த பிறகுதான் கையில் கட்டை இல்லை என்பதைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"சூடு இல்லங்க" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அத்தான், ஒரு வாக்குத் தருகிறேன். வருசா வருசம் சீசன் ஆர்டர் தொடங்குவதற்கு முன்னால், அந்தச் சக்கரங்களை என் கண் முன்னால் கழற்றிப் பார்த்துத்தான் அக்காவிடம் சாவியைக் கொடுப்பேன். கட்டையைத் தூக்கிப் போட அவள் சம்மதிக்கவில்லை. இடது பக்கத்து சீட்டுக்கு அடியில், அவள் உட்கார்ந்து வந்த இடத்தில் கிடக்கிறது. கிடக்கட்டும். அதை எடுத்துக்கொண்டு அவள் இன்னொரு தரம் வண்டிக்குப் பின்னால் குனிய விடமாட்டேன். நீங்கள் காலை எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் பெண்டாட்டிக்குத் தம்பி, உங்களுக்கு என்றைக்கும் மச்சினன்,
தங்கராசு