பல் தேய்த்துவிட்டுச் சுவைத்த திராட்சை

பரோசா,
பிப்ரவரி 20

அன்புள்ள லாக்லன்,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? தாஸ்மேனியாவில் நம் கொடிகளுக்குப் பறவை வலை போட்டாயிற்றா? பக்கத்துத் தோட்டத்து டாம்சினின் நலத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. என் இடத்தில் அவள்தான் தினமும் திராட்சையைச் சுவைத்துப் பார்க்கிறாள் என்றும், அவள் நாக்கு அபாரம் என்றும் ஒரே கடிதத்தில் ஐந்து முறை எழுதியிருக்கிறாய்.

இங்கே ஒயின் தொட்டிகளைக் கழுவியாயிற்று. பழத்தைச் சுவைத்துப் பார்த்து அறுவடைக்கு நாள் குறிப்பதுதான் பாக்கி. நேற்றுக் காலை உன் கடிதம் படித்த எரிச்சலில் பல்லை அழுத்தித் தேய்த்துவிட்டு, அப்படியே தோட்டத்துக்குப் போனேன். எந்தப் பழத்தை வாயில் போட்டாலும் கசந்தது. இன்னும் பத்து நாள் ஆகும் என்று முதலாளி ரெய்ன்ஹோல்டிடம் சொன்னேன். அவர் ஒரு பழத்தைக் கொட்டையோடு மென்றுவிட்டு என்னை முறைத்தார்.

"ஏம்மா ப்ரான்வின், பல்லு வெளக்கிட்டா வந்தே? புதினா வாசனை இங்க வரைக்கும் அடிக்குது. இருபது வருஷமா ஒயின் செய்யுறவ பண்ற காரியமா இது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கவலைப்படாதே. நாளைக்கே பறிக்கிறோம்.

வீட்டில் என்றால் அறுவடை நாட்களில் என் பற்பசையை நீ ஒளித்துவைப்பாய். இங்கே யார் இருக்கிறார்கள்?

உன் நீலக் கம்பளிச் சட்டையை அனுப்பு. துவைக்க வேண்டாம். குலை நறுக்கும் என் கத்தரியை அவளிடம் கொடுக்காதே.

தபால் வண்டி வந்துவிட்டது. இத்துடன் ஒரு புதினாப் பற்பசை அனுப்புகிறேன், டாம்சினுக்கு. தினமும் தோட்டத்துக்குள் நுழையும் முன் நன்றாகத் தேய்க்கச் சொல்.

உன்
ப்ரான்வின்