போலிக் காந்தத்தைப் பிடித்த பராக்கிரமம்

மகாகனம் பொருந்திய ரேணுகா அக்காவுக்கு, பெங்களூரையே ஒற்றைக் கையால் தாங்கிக்கொண்டிருக்கும் தம்பி இளஞ்செழியன் ஆயிரத்தெட்டு வணக்கங்களுடன் எழுதுவது. நான் நலம். அத்தானும் பிள்ளைகளும் நலமா?

இங்கே மூளை ஆராய்ச்சிக் கூடத்தில் காந்தச் சுருள் பிடிக்கப் பழகுகிறேன். தலைமேல் சரியான இடத்தில் வைத்தால், நாம் கேட்காமலே கட்டைவிரல் துள்ளும். செவ்வாயன்று ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் தலையில் வைத்தேன். 'டக் டக்' சத்தம் மைசூர் வரை கேட்டது. விரல் மட்டும் அசையவில்லை. சரிகையை உரசியே போலியைப் பிடிக்கும் ஆரணிக்காரன் விடுவேனா?

"இது டூப்ளிகேட்! யாரோ ஏமாத்திகினு இருக்காங்க!" என்று கத்திவிட்டேன்.

பயிற்சி தரும் டாக்டர் சோபியா, நம்ம கண்ணமங்கலத்துப் பெண், ஓடி வந்தார்.

"பேஜார் பண்ணிட்டீங்களேண்ணா! பாதிப் பேருக்கு வேணும்னேதான் போலி வெப்போம். பலன் காந்தத்தாலயா, நம்பிக்கையாலயான்னு தெரியணும்ல? இப்ப அவருக்குத் தெரிஞ்சிபோச்சே!"

அந்த ஆளின் மூன்று வார முடிவுகள் குப்பைக்குப் போயின. இன்னொரு முறை வாயைத் திறந்தால் என் பயிற்சியும் போகும்.

அதுமுதல் எல்லாவற்றிலும் சந்தேகம். மெஸ் சாம்பாரில் பருப்பே போலி. உங்கள் குழம்புப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து போனில் "நல்லாத்தான் கீறேன்டா" என்கிறீர்கள். அந்தப் போலிச் சுருள் மாதிரி எனக்குச் சத்தம் மட்டும்தானே வருகிறது? நிஜத்தை எழுதுங்கள். ஜல்தியாக முடிக்கிறேன், சோபியா கூப்பிடுகிறார்.

தங்கள் தம்பி,
இளஞ்செழியன்