எகிப்து இல்லாத ஒளிவிழா

டிச. 8
விடிந்ததிலிருந்து மழை. செய்யவேண்டியவை: தேவதூதர் செட்டைக்குப் பஞ்சு, ஏரோதின் வசனம் சுருக்கல், நூலகப் புத்தகம் (மூன்று நாள் பிந்திவிட்டது).
ஞாயிறு பாடசாலையின் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகம் இம்முறை நான் எழுதியது! கடைசிக் காட்சி: குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடும் ஏரோது ராஜாவுக்குத் தப்பி ஓடிவரும் மரியாளுக்கு எகிப்தியப் பெண் ஒருத்தி கதவு திறக்கிறாள். அவளாக நடிப்பதும் நான். ஒரே வசனம். "உள்ளுக்கு வாங்க, புள்ள நனையிது." எகிப்தில் மழை பெய்யுமா? பார்க்கவேண்டும்.

டிச. 10
தேர்தல் வருகிறது. பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் கட்சி தருகிறதாம். பதாகையில் பெரிய சிலுவை, அதைவிடப் பெரிதாக வேட்பாளர் முகம். கீழே "நம் மண், நம் சிலுவை".
வேட்பாளரின் ஆள் ஒத்திகைக்கு வந்தார். ஏரோதின் சேவகருக்கென்று ஒரு பை வெள்ளைத் தொப்பி. பக்கத்துக் காத்தான்குடியில் முஸ்லிம்கள் தொழுகைக்குப் போடுவார்களே, அதே தொப்பி.
"அங்கிள், ஏரோதுட காலத்தில இது இல்லயே."
"பாக்கிற சனத்துக்கு விளங்கணும் மகள்." கடைசித் தாளைத் தட்டினார். "இந்த எகிப்து வேணா. அது இப்ப முஸ்லிம் நாடு, சோனகர்ர நாடு."
"பைபிள்ள இருக்கே!"
"பைபிள்ள எல்லாம் இருக்கும். மேடையில எல்லாம் வேணுமா?"
ஒத்திகை நடத்தும் ரோகிணி ரீச்சர் பேனையை எடுத்தார். என் தாளில் சிவப்புக் கோடு.

டிச. 12
ஜொய்ஸி (மரியாள்): "என்னகா, உன்ட எகிப்துக்கு விசா குடுக்கல்லயாம்?" சிரிப்பு வரவில்லை.
பின்னேரம் அந்த ஆள் வீட்டுக்கே வந்தார். என் மாமா, அம்மாவின் தம்பி, 2019 உயிர்த்த ஞாயிறு ஆலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்; குண்டோடு வந்தவன் காத்தான்குடிக்காரன். அவருடைய படம் வேண்டுமாம்.
"நாங்க பட்டது சனத்துக்குத் தெரியணும் அக்கா."
"படம் தரமாட்டன்" என்றார் அம்மா. அந்த ஆள் போனபின் என்னிடம், "நீயும் வாயப் பொத்திட்டிரு. இந்த ஊரிலதான் நாம இருக்கணும்." அம்மாவின் தையல் மெஷின் பிறகு ஓடவே இல்லை.

டிச. 14, ஞாயிறு
தொப்பியோடு சேவகர்கள் வந்ததும் விசில். யாரோ, "அடிச்சுக் கலைங்கடா!" பெரியவர்கள் சிரித்தார்கள். சேவகனாக வந்த சின்னவன் பயந்து வாளைக் கீழே போட்டுவிட்டான்.
நாடகம் அதோடு முடியவேண்டும். என் கால் தானாக மேடைக்குப் போய்விட்டது. வேஷம் இல்லை, பள்ளிச் சப்பாத்து. வசனத்தைச் சொன்னேன். ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் வரிசைக்கு அப்பால் கேட்டிராது. ஜொய்ஸி ரீச்சரைப் பார்த்தாள், முன்வரிசையைப் பார்த்தாள். பிறகு பொம்மையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். 
வீடு வரும்வரை அம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார்.

டிச. 15
கட்சியின் வீடியோ. ஜொய்ஸிதான் அனுப்பினாள். தொப்பிச் சேவகர்கள், விசில், முடிவு. நாங்கள் இல்லை. அதன்பின் மாமாவின் முகம், ஆலயம் வெளியிட்ட நினைவு மலரிலிருந்து எடுத்தது. கீழே "நம் மண், நம் சிலுவை".
அம்மா இரண்டு தரம் பார்த்தார்.
"என்ட தம்பி காத்தான்குடிக் கடையில பத்து வருஷம் வேல செஞ்சவன். இவனுகளுக்கு அது தெரியுமா?"
எனக்கே தெரியாது.
"கட்சி ஒபிஸ் எங்க இருக்கு?"
சொன்னேன். சேலை மாற்றிக்கொண்டிருக்கிறார். என்னையும் வரச்சொல்கிறார்.